பிரெஞ்சுக் கிராமத்துச் சமையலறை: அலங்காரத்துக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள்

'பிரெஞ்சு கன்ட்ரி கிச்சன்' என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். நூறு படம் வந்தாலும் ஏறக்குறைய ஒரே படம்தான். வெள்ளை பெயின்ட் அடித்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, பழசு போலக் காட்டிய அலமாரி. சுவரில் சேவல் போட்ட தட்டு. மேசைமேல் ஒரு கட்டு லாவண்டர். மேலே எந்தப் பாரத்தையும் தாங்காத ஒரு மர விட்டம். இதையெல்லாம் வாங்கி வைத்த பிறகும் சமையலறை பரிசுப்பொருள் கடை மாதிரித்தான் இருக்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். தவறு அவர்களுடைய ரசனையில் இல்லை. இந்தப் பாணியைப் பற்றி எழுதுகிறவர்களும் விற்கிறவர்களும் அதைப் பொருட்களின் பட்டியலாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்துக் 'கிராமிய' உணவகங்களை நினைத்துப் பாருங்கள். சுவரில் வண்டிச் சக்கரம் தொங்கும். வாசலில் ஆட்டுக்கல், அதன் குழியில் மணி பிளான்ட். அரிக்கேன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பு. பொருட்கள் எல்லாம் அசல்தான், ஆனாலும் கிராமத்து வீட்டுக்குள் வந்த உணர்வு வராது. உண்மையான வீட்டில் ஆட்டுக்கல் எங்கே கிடந்தது? கழுவிய தண்ணீர் ஓட வாட்டம் இருந்த இடத்தில், உட்கார்ந்து மாவு ஆட்டும் ஆளுக்கு வெளிச்சம் கிடைத்த மூலையில். உணவகம் பொருளை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டது.

பிரெஞ்சுக் கிராமத்துச் சமையலறைக்கும் நடந்தது இதுதான். அதில் அழகாகத் தெரிகிற ஒவ்வொன்றும் வெயில், குளிர், நெருப்பு, எலி, உள்ளூர் மண் என்று ஏதோ ஒன்றைச் சமாளிக்க வந்தது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால் எதை வாங்கலாம், எதை விடலாம் என்பது கடைக்காரர் சொல்லாமலே விளங்கிவிடும்.

முதலில், எந்தப் பிரான்ஸ்?

பிரெஞ்சுக் கிராமம் என்று ஒரே ஒரு கிராமம் கிடையாது. வடமேற்கில் நார்மண்டி: மழை, பசும்புல், வெண்ணெய், ஆப்பிள் மது. வீடுகள் மரச்சட்டம் போட்டுக் கட்டியவை, சாமான்கள் கனமான ஓக் மரத்தில். கிழக்கே அல்சாஸ்: பூ வரைந்த மரப் பெட்டிகள், சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட கெல்ஷ் என்ற லினன் துணி. மேற்கே பிரிட்டனி: கேம்பேர் ஊரில் செய்யும், பிரிட்டனி உடை அணிந்த ஆண், பெண் உருவங்களை வரைந்த தட்டுகள். தென்மேற்கில் வாத்துக் கறியைக் கொழுப்பிலேயே பதப்படுத்தி வைக்கும் மஞ்சள் பச்சை ஜாடிகள்.

கடைகளில் 'பிரெஞ்சு கன்ட்ரி' என்று விற்பது பெரும்பாலும் தெற்கே மத்தியதரைக் கடலை ஒட்டிய புரோவான்ஸ் பகுதியின் பாணி. நார்மண்டியின் ஓக் அலமாரியையும் புரோவான்ஸின் மஞ்சள் சுவரையும் பூப்போட்ட துணியையும் ஒரே அறையில் சேர்த்து வைத்தது பெரிதும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அலங்காரக்காரர்களும் வியாபாரிகளும் செய்த வேலை. கலப்பது குற்றமில்லை. ஆனால் கலக்கிறோம் என்று தெரிந்து கலக்க வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் புரோவான்ஸிலேயே நிற்கும். அங்கேதான் காரணங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

சுவரும் தரையும்: வெயிலோடு ஒரு ஒப்பந்தம்

புரோவான்ஸின் பண்ணை வீட்டுக்கு மாஸ் என்று பெயர். தடித்த கல் சுவர், தெற்கைப் பார்த்த முகப்பு, வடக்குப் பக்கம் ஜன்னலே இல்லை அல்லது சின்னதாக ஒன்றிரண்டு. காரணம், வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் மிஸ்திரால் என்ற காற்று. அது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியும் வீசும், நாள்கணக்கில் நிற்காது. அந்தப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தவர் குளிர்காலத்தில் அதைச் செங்கல் வைத்து அடைக்கத்தான் வேண்டியிருக்கும்.

கோடையில் பிரச்சினை தலைகீழ். வெயில் கொளுத்தும். தடித்த கல் பகலெல்லாம் மெதுவாகச் சூடேறுகிறது. அந்தச் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவில் வெளிக்காற்று பட்டு மறுபடி ஆறிவிடுகிறது. சூட்டை வாங்கி, வைத்திருந்து, பிந்தி விடுகிற இந்தக் குணத்தை வெப்பத் தேக்கம் என்று சொல்லலாம். மரப் பலகைக் கதவுகளைப் பகலில் சாத்தி வைப்பதும் இதற்குத் துணை. ஆக, அந்த வீட்டின் உட்புறம் இயல்பாகவே இருட்டானது, குளுமையானது. படங்களில் பார்க்கிற, வெள்ளை வெளிச்சம் நிறைந்து வழியும் 'புரோவான்ஸ்' சமையலறையில் உண்மையான புரோவான்ஸ்காரர் ஜூலை மாத மதியம் சமைக்க மாட்டார்.

உள்ளே இருட்டு என்றால் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அங்கேதான் சுண்ணாம்பு வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறாகும். அதைச் சுவரில் பூசினால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உள்ளே வாங்கி மீண்டும் கல்லாகவே இறுகுகிறது. சுவர்மேல் ஒட்டிய படலமாக இல்லாமல் சுவரோடு சேர்ந்த மெல்லிய கல் தோலாகவே அது ஆகிவிடுகிறது. நீராவியை உள்ளே விட்டு வெளியே விடும். காரத்தன்மை அதிகம் என்பதால் புதிய பூச்சில் பூஞ்சை பிடிப்பது கஷ்டம். சமையலறைக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு அந்தக் காலத்தில் இல்லை.

அந்தப் புகழ்பெற்ற மஞ்சளும் செம்மஞ்சளும் சுண்ணாம்பில் காவி மண் கலந்தவை. வோக்லூஸ் மாவட்டத்து ருசியோன் ஊரில் மலையே மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். மண்ணிலிருக்கும் இரும்புதான் அந்த நிறம். மஞ்சள் காவியைச் சுட்டால் அதனுள் கட்டுண்ட நீர் போய்ச் சிவப்புக் காவி ஆகிவிடும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைப் பிரித்தெடுத்து விற்கும் தொழில் அங்கே வளர்ந்தது. இந்த நிறங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: மண் தருகிற நிறம் எதுவோ அதுதான் கிடைக்கும், எலுமிச்சை மஞ்சளோ ரோஸ் நிறமோ கிடைக்காது. பெயின்ட் கடை அட்டையில் நிறம் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. மண்ணில் கிடைக்காத நிறம் என்றால் பெரிய சுவருக்கு வேண்டாம்.

தரை ஓடும் அதே கதைதான். புரோவான்ஸில் வார் மாவட்டத்து சலேர்ன் ஊர் அறுகோணச் சுட்ட மண் ஓடுகளுக்குப் பேர் போனது. இரும்புச் சத்துள்ள களிமண், சுட்டதும் சிவக்கும். கால் வைத்தால் குளுகுளுவென்றிருக்கும். ஓட்டுக்கு ஓடு நிறம் மாறும். சூளையில் எந்த ஓடு நெருப்புக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதைப் பொறுத்தது அது. எல்லா ஓடும் ஒரே நிறத்தில் வந்தால் கண் உடனே சந்தேகப்படும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: அறையின் முக்கால் பங்கு தோற்றத்தைத் தருவது சுவரும் தரையும். அவை பளபளக்காதவை, மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வந்தவை. சேவல் தட்டு இன்னும் வரவே இல்லை, கவனித்தீர்களா?

அடுப்புதான் அறையின் நடு

பழைய பண்ணை வீட்டில் சமையலறை என்பது தனி அறை என்றே சொல்ல முடியாது. வீட்டில் தொடர்ந்து நெருப்பு எரிந்த அறை பெரும்பாலும் அது ஒன்றுதான். சமைத்தது, சாப்பிட்டது, குளிர் காய்ந்தது, கணக்குப் பார்த்தது எல்லாம் அங்கேயே.

சுவரை ஒட்டிய பெரிய கணப்பில் விறகு எரியும். மேலே புகையைப் பிடித்துக் கூண்டுக்குள் அனுப்பும் அகலமான முகடு. விறகு நெருப்பைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. அதனால் நெருப்பை விட்டுவிட்டுப் பாத்திரத்தை மேலும் கீழும் நகர்த்தினார்கள்: பல் வெட்டிய இரும்புத் தொங்கி ஒன்று புகைக்கூண்டிலிருந்து இறங்கும், வேண்டிய பல்லில் மாட்டினால் அந்த உயரத்தில் சட்டி நிற்கும். முகட்டின் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருக்கு வைத்த துணி தொங்கும். இன்று அதை லேஸ் அலங்காரமாக விற்கிறார்கள். அன்று அது புகை அறைக்குள் திரும்பாமல் தடுக்கக் கட்டிய தடுப்பு.

வசதியான வீடுகளில் கணப்புக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: பொத்தாஜே. இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல்லால் கட்டி, மேலே ஓடு பதித்த மேடை. அதில் சின்னச் சின்னக் குழிகள். கணப்பிலிருந்து கனலை அள்ளிக் குழியில் போட்டு, அதன்மேல் பாத்திரம் வைப்பார்கள். கீழே சாம்பல் விழ இடம். குனியாமல் நின்றுகொண்டே, மெல்லிய சூட்டில் சாறும் குழம்பும் காய்ச்ச முடிந்தது. கரியிலிருந்து வரும் நச்சுக் காற்று போக வேண்டும் என்பதால் பொத்தாஜேயை ஜன்னலருகே கட்டுவது நல்லது. பிரெஞ்சுச் சமையலின் அந்த மெதுவாகக் காய்ச்சும் சாறுகளுக்கு இந்த மேடைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பெரிய கணப்பின் முன்னால் நின்று ஒரு வெண்ணெய்ச் சாற்றைத் திரியாமல் காய்ச்சிப் பார்த்தவருக்கு அது புரியும்.

கனல் குழி ஒரு புள்ளியில் கடுமையாகச் சுடும். அந்தச் சூட்டைப் பாத்திரம் முழுக்கப் பரப்ப ஓர் உலோகம் வேண்டும். செம்பு எவர்சில்வரைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். சுவரில் வரிசையாகத் தொங்கும் செம்புப் பாத்திரங்களுக்கு அதுதான் காரணம். நார்மண்டியின் வில்தியூ-லே-புவால் ஊர் இன்றும் செம்புப் பாத்திரத் தொழிலுக்கு அறியப்பட்டது. புளிப்புப் பட்டால் செம்பு களிம்பேறும், அது உடம்புக்கு ஆகாது. ஆகவே உள்ளே ஈயம் பூசுவார்கள். பாத்திரக்காரர் ஈயம் என்று சொல்லும் அந்த உலோகம் உண்மையில் வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். எனவே ஈயம் பூசிய செம்பைக் காலியாக அடுப்பில் விட்டால் பூச்சு ஓடிவிடும். ஜாம் காய்ச்சும் அகன்ற செம்பு வாணலிக்கு மட்டும் பூச்சு கிடையாது. சர்க்கரை நிறையச் சேர்ந்த பழக்கூழில் செம்பு அவ்வளவாகக் கரைவதில்லை.

அலங்காரத்துக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? அறைக்கு ஒரு நடு வேண்டும், அது அடுப்பு. சுவரோடு சுவராக அடுப்பை மறைக்கும் இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். அடுப்புக்கு மேலே சுண்ணாம்பு பூசிய அகலமான முகடு கட்டி, உள்ளே எக்ஸாஸ்ட் விசிறியை ஒளித்து வைத்தால் பழைய வடிவம் பழைய வேலையையே செய்யும். அது முடியாவிட்டால் போலி முகடு மட்டும் கட்டாதீர்கள். புகையை இழுக்காத முகடு எண்ணெய்ப் பிசுக்குத் தங்கும் இடமாகத்தான் முடியும்.

சுவரோடு ஒட்டாத சாமான்கள்

வரிசையாக ஒரே உயரத்தில், ஒரே கதவோடு, சுவரோடு பொருத்திய அலமாரிகளைத்தான் நாம் இன்று சமையலறை என்கிறோம். மாடுலர் கிச்சன் என்ற இந்த எண்ணம் வயதில் சின்னது. 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சிறிய சமையலறை அதன் முன்னோடி. பெண்களின் நடையைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

புரோவான்ஸ் பண்ணை வீட்டில் அப்படி எதுவும் இல்லை. எல்லாம் தனித்தனிச் சாமான்கள். ஒன்று பாட்டி கொண்டுவந்தது, ஒன்று கல்யாணத்துக்குச் செய்தது, ஒன்று பக்கத்து ஊர்த் தச்சர் அவசரத்துக்கு அடித்தது. உயரம் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

ரொட்டியை எடுத்துக்கொள்வோம். தினமும் சுடுவதில்லை, ஒரு தடவை சுட்டால் பல நாளைக்கு. மாவு பிசைய பெத்ரேன் என்ற, கால் வைத்த மரத் தொட்டி. மூடியைப் போட்டால் அதுவே மேசை. சுட்ட ரொட்டிக்கு பனத்தியேர்: கடைந்த கம்பிகள் வைத்த சின்னக் கூண்டுப் பெட்டி, சுவரில் உயரத் தொங்கும். கம்பிகளின் இடைவெளியில் காற்று போகும், ரொட்டி பூஞ்சை பிடிக்காது. உயரத்தில் இருப்பதால் எலிக்கு எட்டாது. உப்புக்கு ஒரு பெட்டி, அதுவும் சுவரில், கணப்புக்கு அருகே, ஈரம் படாமல். மீனைப் பொரிக்கும் முன் மாவில் புரட்ட ஒரு சின்ன இழுப்பறைப் பெட்டி. இவை வால்நட் மரத்தில், வளைந்த கால்களோடு, கோதுமைக் கதிரும் ஆலிவ் கிளையும் செதுக்கி வந்தன. 15ஆம் லூயி மன்னர் காலத்து அரண்மனை வளைவுகள் கிராமத்துத் தச்சர் கைக்கு வந்து சேர்ந்து, பாரிஸில் வழக்கொழிந்த பிறகும் அங்கே வெகுகாலம் நீடித்தன. இந்தப் பாணியின் அழகே இந்தக் கலப்புதான்: ராஜா வீட்டு வளைவு, ரொட்டி வைக்கிற பெட்டி.

தட்டுகளை அடுக்கித் தெரியும்படி வைக்கும் திறந்த அடுக்குக்கும் கதை உண்டு. மண் பாண்டத்தின்மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகு கொடுத்துச் சுட்டு, மேலே நீலத்திலோ பல நிறத்திலோ வரைவதற்கு ஃபயான்ஸ் என்று பெயர். 1709இல் போர்ச் செலவுக்குப் பணம் வேண்டி 14ஆம் லூயி பிரபுக்களின் வெள்ளித் தட்டுகளை உருக்கக் கேட்டார். வெள்ளி போனதும் மேசைக்கு ஏதாவது வேண்டுமே! மூஸ்தியே, ரூவான் ஊர்களின் ஃபயான்ஸ் பட்டறைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. பிறகு அதன் எளிய வகைகள் கிராமத்துக்கும் வந்தன.

நாற்காலி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடலாம்: கோரையோ வைக்கோலோ திரித்துப் பின்னிய இருக்கை, ஏணி போன்ற முதுகு. அவ்வளவுதான்.

சுருக்கமாக: சாமான்கள் தனித்தனியாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும், ஒன்றோடொன்று செட் ஆகாது. 'செட்'டாக வாங்கியது தெரிந்தால் பாணி அங்கேயே முடிந்தது.

தேய்மானம் பொய் சொல்லாது

நாள்பட்ட உபயோகத்தால் பொருளின் மேல்தோலில் வரும் மாற்றத்தைப் பட்டினா என்பார்கள். செம்பு கருக்கும், மரம் கை பட்டு மினுக்கும், ஓடு நடந்த வழியில் குழியும். இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. அலமாரி என்றால் கைப்பிடியைச் சுற்றி, சாவித் துவாரத்தின் கீழே, கால் இடிக்கும் அடிவிளிம்பில். மேசை என்றால் ஆட்கள் முழங்கை ஊன்றும் ஓரங்களில். யாருடைய கையும் படாத மேல் மூலையிலும் பக்கவாட்டிலும் பெயின்ட் சீராக உரிந்திருந்தால் அது தொழிற்சாலையில் தேய்த்தது. கடையில் நின்று இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள், விலைச் சீட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். புதுச் சாமானைப் புதுசாகவே வாங்கி, பெயின்ட் அடிக்காமல் மெழுகு போட்டு வைத்துவிடுவது என் கட்சி. தேய்க்கிற வேலையைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும்.

பூப்போட்ட துணி எங்கிருந்து வந்தது?

இந்தப் பாணியின் அடையாளம் எது என்று கேட்டால் பலர் சொல்வது மஞ்சளிலோ நீலத்திலோ சின்னச் சின்னப் பூவும் மாங்காய் வடிவமும் அச்சிட்ட பருத்தித் துணியைத்தான். அந்த மாங்காயைப் பார்த்ததுமே நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'இந்தியத் துணி' என்றுதான் அழைத்தார்கள்.

17ஆம் நூற்றாண்டில் மார்சேய் துறைமுகத்தில் இந்திய அச்சுத் துணிகள் வந்து இறங்கின. அப்புறம் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி, 1674இல் புதுச்சேரியில் காலூன்றியது. சோழமண்டலக் கரையின் துணிகள் மூட்டை மூட்டையாகப் போயின. ஐரோப்பியர்களை மயக்கியது பூ மட்டுமல்ல. துவைத்தாலும் அந்த நிறம் போகவில்லை! அவர்கள் அச்சிட்ட துணி இரண்டு துவையலில் வெளுத்தது.

ரகசியம் நிறத்தில் இல்லை, நிறம் பிடிக்க வைக்கும் உப்பில் இருந்தது. பருத்தி நாரில் சாயம் சும்மா ஒட்டாது. முதலில் படிகாரக் கரைசலை அச்சாலோ எழுதுகோலாலோ துணியில் இட்டுவிட்டு, பிறகு சாயவேர் கொதிக்கும் தண்ணீரில் துணியை முக்கினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நாரோடு கெட்டியாகப் பிணையும். படிகாரத்துக்குப் பதில் இரும்புக் கரைசல் என்றால் அதே தொட்டியில் கறுப்பு கிடைக்கும். மற்ற இடங்களில் ஒட்டிய சாயம் துவைத்து வெயிலில் போட்டால் போய்விடும். ஒரே சாயத் தொட்டியிலிருந்து பல நிறம் வருவது பார்க்கிறவருக்கு மாயம்போல இருந்திருக்கும். தென்னிந்தியாவில் இருந்த கேர்தூ என்ற பிரெஞ்சு ஜெசுயிட் பாதிரியார், கிறிஸ்தவத்துக்கு மாறிய துணிக் கைவினைஞர்களிடம் கேட்டு, இந்த முறையைப் படிப்படியாக 1742இல் ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினார். இன்றைய மொழியில் தொழில் உளவு என்றே சொல்லலாம்.

ஊரில் பட்டும் கம்பளியும் நெய்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் முறையிட, 1686இல் பிரான்ஸ் இந்த அச்சுத் துணிகளை இறக்குமதி செய்வதையும் செய்வதையும் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. எழுபது ஆண்டுக்கு மேல் ஒரு பூப்போட்ட பாவாடை சட்டவிரோதம்! தடை செய்ததால் மோகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இதற்கிடையில் அவிஞ்ஞோன் நகரம் அப்போது போப்பாண்டவர் ஆட்சிப் பகுதி. பிரெஞ்சு மன்னரின் சட்டம் அங்கே செல்லாது. அச்சுக்காரர்கள் சிலர் அங்கே போய்ப் பட்டறை போட்டார்கள். புரோவான்ஸ் மண்ணில் இந்தக் கலை வேர் பிடித்ததற்கு அந்த அரசியல் ஓட்டையும் ஒரு காரணம். தடை நீங்கிய அடுத்த வருடமே, 1760இல், ஓபர்காம்ப் என்பவர் பாரிஸுக்கு அருகே ஜூயி ஊரில் அச்சிடத் தொடங்கினார். வெள்ளைத் துணியில் ஒரே நிறத்தில் ஆடு மேய்க்கும் காட்சிகள் அச்சிட்ட 'துவால் து ஜூயி' அந்த ஊரிலிருந்து வந்த பெயர். தாராஸ்கோன் ஊரின் சூலேயாடோ நிறுவனம் பழைய மரக்கட்டைகளின் வடிவங்களை இன்றும் துணியில் கொண்டுவருகிறது.

இந்தத் துணி கிராமத்தில் முதலில் பாவாடைக்கும் தோள் துணிக்கும் மெத்தை விரிப்புக்கும்தான் போனது. சமையலறையில் கை துடைக்க இருந்தது கனமான வெறும் லினன், ஓரத்தில் ஒரு சிவப்போ நீலமோ கோடு. ஆகவே திரை, மேசை விரிப்பு, நாற்காலி மெத்தை, அடுப்புக் கையுறை எல்லாவற்றையும் ஒரே பூவில் தைப்பது பழைய வீட்டின் வழக்கம் அல்ல, கடையின் வழக்கம். ஓர் இடத்தில் அச்சுத் துணி, மற்றதெல்லாம் வெறும் லினன் என்று வைத்தால் அந்தத் துணிக்கு மரியாதை.

பிரெஞ்சு என்று நினைத்துக்கொள்கிற சில

முன்பக்கம் துருத்தி நிற்கும் பெரிய வெள்ளைப் பீங்கான் தொட்டி பிரிட்டன் வழக்கம்; அதற்கு பெல்ஃபாஸ்ட் சிங்க் என்றே பெயர். புரோவான்ஸில் இருந்தது ஜன்னலடியில் ஒரே கல்லில் குடைந்த ஆழமில்லாத தொட்டி. எனாமல் பூசிய, எப்போதும் சூடாகவே இருக்கும் ஆகா அடுப்பை 1922இல் கண்டுபிடித்தவர் ஸ்வீடன்காரர், கொண்டாடியவர்கள் ஆங்கிலேயர்கள். தேய்த்த வெள்ளை அலமாரிக்கு ஷாபி சிக் என்று வேறு பெயர் உண்டு. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் பரவியது. கறுப்பு உடம்பில் இதயங்கள் வரைந்த சேவல் பொம்மை போர்ச்சுகலின் பார்செலோஸ் சேவல். வளைத்த மரத்தில் செய்த கஃபே நாற்காலி வியன்னாவிலிருந்து வந்தது, அதுவும் நகரத்துச் சாமான்.

இவை எதையும் வைக்கக்கூடாது என்பதில்லை. பிரெஞ்சு என்று நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம், அவ்வளவே.

சரி, நம் சமையலறையில் எங்கே தொடங்குவது?

அடுக்குமாடிக் குடியிருப்பில் கல் சுவரும் கணப்பும் வராது. காரணங்கள் வரும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள். பளபளப்பில்லாத பூச்சு, மண் நிறம். அசல் சுண்ணாம்பு அடிக்க ஆசையென்றால் ஒரு விஷயம்: ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உதிர்ந்துவிடும். அதற்கு ஈரம் உறிஞ்சும் பரப்பு வேண்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது அதற்கென்று விற்கும் அடிப்பூச்சு போட வேண்டும். அடுப்புக்கு நேர் பின்னால் மட்டும் மெருகு ஓடு பதித்துவிடுங்கள். தாளிக்கிற வீட்டில் சுண்ணாம்புச் சுவர் அந்த இடத்தில் ஒரு மாதம் தாங்காது.

தரையை மாற்ற முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். மண் ஓடு படம் அச்சிட்ட வினைல் விரிப்பைப் பார்த்து ஏமாறுவது போட்டவர் ஒருவர்தான். உண்மையான மண் ஓடு பதிப்பதாக இருந்தால் ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் ஏற்றிய பிறகே புழங்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாள் சிந்திய எண்ணெய் கடைசி வரை தரையில் இருக்கும்.

மாடுலர் அலமாரி இருக்கிறதா? அதைப் பிடுங்க வேண்டாம். மேல் வரிசையில் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவரின் முன்னால் தனியாக நிற்கிற ஒரு மரச் சாமானை வையுங்கள். உயரம் பொருந்தாமல் இருப்பது நல்லது. இடமிருந்தால் நடுவில் ஒரு மேசை. நின்று வேலை செய்யும் மேடை சுமார் 90 சென்டிமீட்டர், உட்கார்ந்து கீரை ஆயும் மேசை சுமார் 75. அந்த உயர வேறுபாடே அறையைக் கூடமாக்கிவிடும்.

திறந்த அடுக்கில் தினமும் எடுக்கிற தட்டும் கிண்ணமும் மட்டும். தினமும் கழுவுவதால் தூசி சேராது. மாதத்துக்கு ஒரு தடவை தொடுகிற ஜாடியை அங்கே வைத்தால் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசை ஆகிவிடும். ஜாடிக்குக் கதவு போட்ட அலமாரி இருக்கிறது.

செம்பு வாங்குவதாக இருந்தால் தடிமனைப் பாருங்கள். சமையலுக்கான செம்பு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும், கையில் எடுத்தால் கனம் தெரியும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல், கருக்காதபடி மேலே அரக்குப் பூச்சும் போட்டு விற்பது தொங்கவிட மட்டும். அதை அடுப்பில் வைத்தால் பூச்சு கருகும். நல்லதாக ஒன்று வாங்கி, உள்ளே செம்பு எட்டிப்பார்க்கத் தொடங்கியதும் ஈயம் பூசக் கொடுத்து, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

விளக்கைக் கடைசியாக மாற்றினால் போதும். மேற்கூரையில் சதுர சதுரமாகப் பதித்த வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு, மேசைக்கு மேல் தாழத் தொங்கும் ஒன்று, வேலை செய்யும் மேடைக்கு ஒன்று, 2700 கெல்வின் அளவில் மஞ்சள் ஒளியாக. காய் நறுக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.